மூன்று மரம் சேர்ந்த வில்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

ஒற்றை மரத்தில் வில் செதுக்க வேண்டும் என்றால் முதலில் அதற்கேற்ற மரம் அமைய வேண்டும். ஆறடி நீளத்துக்குக் கணு இல்லாமல், முறுக்கு இல்லாமல், நேராக வளர்ந்து, பிளந்து நிழலில் மாதக்கணக்கில் காய்ந்த துண்டு. அப்படி ஒன்று கையில் இருக்கிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இருக்கிற வழி, கடையில் விற்கும் பலகைகளை மெல்லிய பட்டிகளாக அறுத்து, எந்த மரம் எந்த வேலைக்கு உகந்ததோ அதை அந்த இடத்தில் வைத்து ஒட்டுவது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. ஜப்பானியரின் யூமி மூங்கிலையும் மரத்தையும் ஒட்டித்தான் செய்யப்படுகிறது. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பைன் மரத்தின் இறுகிய பகுதியை உள்பக்கத்திலும் பிர்ச்சை வெளிப்பக்கத்திலும் வைத்து வில் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹிக்கரிப் பட்டி ஒட்டிய வில்கள் கடையிலேயே விற்றன. இங்கே நான் சொல்லப் போவது அமெரிக்காவில் பழக்கத்தில் இருக்கும் தட்டையான நீள வில். வெளிப்பக்கம் ஹிக்கரி, நடுவில் மேப்பிள், உள்பக்கம் ஐப்பே. கண்ணாடி இழை கிடையாது. 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை, நாண் பள்ளத்திலிருந்து நாண் பள்ளம் வரை 68 அங்குல நீளம். முதல் வில்லுக்கு 40 பவுண்டு போதுமா என்று கேட்காதீர்கள். போதும். அறுபது பவுண்டு வில் செய்யப் போய் பாதியில் உடைப்பதைவிட நாற்பது பவுண்டு வில்லில் தினமும் அம்பு விடுவது மேல்.

எந்த மரம் எங்கே

வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்காத பக்கம், நீட்டப்படுகிறது. இதை வில்லின் முதுகு என்போம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் நசுக்கப்படுகிறது. இது வயிறு. நடுவில் இருக்கும் மரம் நீளவும் இல்லை, பெரிதாக நசுங்கவும் இல்லை. முதுகும் வயிறும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

நல்ல மரம் எதுவாக இருந்தாலும் இழுவையைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. எனவே மரவில்லில் முதலில் களைப்பது வயிறுதான். நாணைக் கழற்றிய பிறகும் வில் பழையபடி நிமிராமல் கொஞ்சம் வளைந்தே நின்றால் வயிற்று நார்கள் நசுங்கிவிட்டன என்று அர்த்தம். அதனால்தான் வயிற்றுக்கு அடர்த்தியான மரம் தேடுகிறோம். ஐப்பே தண்ணீரில் மூழ்கும் மரம். கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும். மொட்டை மாடித் தளத்துக்கும் தோட்டத்து நடைமேடைக்கும் போடுவதற்காகவே அறுத்து விற்பதால் நீளமான, நேரான துண்டுகள் கிடைக்கும். ஒரு விஷயம்: 2024 நவம்பரிலிருந்து ஐப்பே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. நாடு தாண்டி வரவழைப்பதாக இருந்தால் அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர்க் கடையில் மிச்சத் துண்டாக வாங்குவதே எளிது. ஐப்பே இல்லையென்றால் ஓசேஜ் ஆரஞ்ச், பிளாக் லோகஸ்ட் இரண்டும் அருமையான வயிற்று மரங்கள்.

முதுகுக்கு ஹிக்கரியை மிஞ்ச ஆளில்லை. கோடரிக்கும் சுத்தியலுக்கும் காலம் காலமாகப் பிடி போட்ட மரம் அது, லேசில் பிளக்காது. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஹிக்கரி மந்தமாகிவிடும், உடையாது. கடலோரத்தில் வசிக்கிறவர்கள் பாலிஷ் வேலையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

நடுப்பட்டிக்கு மேப்பிள் போதும். நிறத்துக்காகப் பலர் பர்ப்பிள்ஹார்ட் வைக்கிறார்கள். அறுத்தவுடன் பழுப்பாக இருந்து, காற்றும் வெளிச்சமும் பட்டதும் ஊதாவாக மாறுவது பார்க்க அழகுதான். ஆனால் அது மேப்பிளைவிடக் கனம். வில்லின் நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும். முதல் வில்லுக்கு மேப்பிளே வையுங்கள்.

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு ஹிக்கரி கிடைப்பது கஷ்டம். முதுகுக்கு முற்றிய மூங்கில் அதைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். பருத்த மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பச்சைத் தோல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, உட்பக்கத்தை மட்டும் தட்டையாக இழைத்து மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். கணுக்களை மேலே சமமாக ராவக் கூடாது. லேசாக உருட்டிவிட்டால் போதும். ஆனால் மூங்கில் அவ்வளவு வலுவாக இழுவையைத் தாங்குவதால் வயிறு மெத்தென்ற மரமாக இருந்தால் அதை நசுக்கிவிடும்.

பெயரைப் பார்க்காதீர்கள், ரேகையைப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த மரம் சிறந்தது என்று நாள்கணக்கில் விவாதிப்பார்கள். அப்புறம் கடைக்குப் போய் முதலில் கைக்கு வந்த பலகையை எடுத்து வருவார்கள். என் கணிப்பில் மரத்தின் பெயருக்குப் பத்தில் மூன்று பங்கு முக்கியத்துவம் கொடுங்கள். மீதி ஏழும் ரேகைக்கு.

முதுகுப் பட்டிக்கான ஹிக்கரிப் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையில் ஒரு ரேகையின் மேல் விரலை வையுங்கள். விரலை அந்த ரேகையோடே நகர்த்திக்கொண்டு போங்கள். மறுமுனை வரை பலகையின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகாமல் வந்தால் அது வில் மரம். பாதியில் ஓரத்தில் இறங்கி மறைந்தால், அந்த இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும். பிறகு பலகையைப் புரட்டிப் பக்கவாட்டிலும் அதே சோதனை. முகத்தில் நேராக ஓடும் ரேகை பக்கவாட்டில் சரிந்து ஓடுவது உண்டு. அது இன்னும் ஆபத்து. ஹிக்கரியில் நுண்துளைகள் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியும். வருடவளையங்களைவிட அந்தக் கோடுகள்தான் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சரியாகக் காட்டும்.

குண்டூசித் தலை அளவுக் கணு கூட முதுகில் வேண்டாம். வயிற்றில் ரேகை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை, நடுப்பட்டியில் இன்னும் தளர்வு. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, அடுக்கில் இருக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு நல்ல பலகை வாங்கினால் இரண்டு மூன்று வில்லுக்கு முதுகு கிடைக்கும்.

ஈரம் எட்டிலிருந்து பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சூளையில் காயவைத்த பலகையாக இருந்தாலும் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவைத்து, மூன்று மரமும் ஒரே நிலைக்கு வந்த பிறகு அறுங்கள்.

அறுத்தலும் இழைத்தலும்

பட்டிகள் மூன்றும் 70 அங்குல நீளம், 40 மில்லிமீட்டர் அகலம். தடிமன் இப்படி: முதுகு 3 மி.மீ., நடு 4 மி.மீ., வயிறு 8 மி.மீ. பேண்ட் சா வைத்திருக்கும் தச்சுப் பட்டறையில் அறுத்து வாங்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். ரம்பத் தழும்பை இழைத்து எடுக்க அது வேண்டும்.

முதுகும் நடுவும் முனைக்கு முனை ஒரே தடிமன். வயிற்றுப் பட்டி மட்டும் நுனியை நோக்கி மெலிய வேண்டும். நடுவில் எட்டு அங்குலத்தை அப்படியே விட்டு, அங்கிருந்து நுனிக்கு 8 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு இறங்கும்படி பக்கவாட்டில் பென்சில் கோடு போட்டு, இழைப்புளியால் கோடு வரை சீவுங்கள். சீவுவது வெளிமுகத்தில் மட்டும். பசை படும் முகம் தட்டையாகவே இருக்கட்டும்.

ஐப்பேயை இழைக்கும்போது பச்சை கலந்த மஞ்சள் தூள் பறக்கும். அதில் லாப்பகோல் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்குத் தோல் அரிக்கும், மூச்சு இரைக்கும். காரச் சோப்பில் கை கழுவினால் அந்தத் தூள் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அந்தப் பொருளின் குணம். ஆனால் முகக்கவசம் இல்லாமல் ஐப்பே வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விரலால் அழுத்தினால் எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் கிளாம்ப் இறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான ஒட்டு விடுவதற்குக் காரணம்.

அச்சும் பசையும்

ஒட்டும்போதே வில்லுக்குக் கொஞ்சம் முன்வளைவு கொடுக்கப் போகிறோம். நாண் ஏற்றாமல் இருக்கும்போது நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றரை அங்குலம் வளைந்திருக்கும். வேலை முடிவதற்குள் இதில் ஒரு பகுதி போய்விடும். மிச்சம் இருப்பது அம்புக்கு வேகமாகக் கிடைக்கும். மூன்று அங்குலம் கொடுத்தால் இன்னும் வேகம் வருமே என்று தோன்றும். வரும்தான், கூடவே வில் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும் தொல்லையும் வரும். முதல் வில்லுக்கு ஒன்றரை போதும்.

அச்சுக்கு 72 அங்குல நீளமுள்ள தடித்த மரச் சட்டம் ஒன்று. மேல்முகத்தில் நடு ஒன்பது அங்குலம் தட்டை. அங்கிருந்து இரு பக்கமும் மெதுவாக வளைந்து முனையில் ஒன்றரை அங்குலம் தாழ வேண்டும். நடுவைத் தட்டையாக விடச் சொல்வது பின்னால் கைப்பிடிக் கட்டை ஒட்டுவதற்காக. அச்சின் மேல் அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வில்லும் அச்சும் ஒன்றாகிவிடும்.

பசை விஷயத்தில் என் ஓட்டு எபாக்ஸிக்கு. மெதுவாக இறுகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் சின்னக் குழாய் வேண்டவே வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசையும் வேண்டாம். டைட்பாண்ட் மூன்று என்ற மரப்பசையை வைத்து நல்ல வில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது பத்து நிமிடத்துக்குள் எல்லாக் கிளாம்பையும் மாட்டி முடிக்கச் சொல்லும். முதல் தடவை நமக்கு அவ்வளவு வேகம் வராது. தவிர எபாக்ஸி சின்னக் குறைகளை நிரப்பும், ஐப்பே போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரத்திலும் பிடிக்கும்.

முதலில் பசை இல்லாமல் ஒரு முழு ஒத்திகை. எல்லாக் கிளாம்பையும் மாட்டிப் பாருங்கள், எத்தனை வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். இரண்டரை அங்குலத்துக்கு ஒன்று வீதம் போட்டால் முப்பதைத் தொட்டுவிடும். அவ்வளவு இல்லாதவர்கள் சைக்கிள் டியூபை நீளப் பட்டைகளாக வெட்டி, அச்சோடு சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றலாம். செலவே இல்லாத வழி, அழுத்தமும் சீராக விழும்.

ஒட்டும் முகங்களை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தூசியைத் தட்டி, ஐப்பேயை அசிட்டோன் நனைத்த துணியால் துணியில் நிறம் ஏறாத வரை துடையுங்கள். துடைத்த பிறகு கையால் தொட வேண்டாம், அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். எபாக்ஸியைப் பெட்டியில் சொன்ன விகிதப்படி அளந்து கலக்க வேண்டும். கண்மதிப்பு இங்கே செல்லாது.

இரண்டு முகத்திலும் பூசுங்கள். முதுகு கீழே, அச்சைத் தொட்டபடி. அதன்மேல் நடு, அதன்மேல் வயிறு. பட்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க நடுவிலும், வில்லின் கோட்டுக்கு வெளியே வெட்டி எறியப் போகும் இரு முனைகளிலும், மெல்லிய துளை போட்டு மூங்கில் குச்சி செருகிவையுங்கள். கிளாம்பை நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று நுனி நோக்கிப் போங்கள்.

இறுக்கும்போது ஓரத்தைக் கவனியுங்கள். ஒட்டுக்கோடு நெடுகிலும் பசை சின்னச் சின்ன மணிகளாக வரிசையாக வெளியே வர வேண்டும். ஓரிடத்தில் மணி வரவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை, அல்லது அழுத்தம் இல்லை. மணி கோத்தாற்போல் வந்ததும் நிறுத்திவிடுங்கள். எபாக்ஸி பிடிக்க ஒட்டுக்கோட்டில் பசை மெல்லிய படலமாகத் தங்க வேண்டும். பல்லைக் கடித்து முறுக்கினால் அது முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும். இருபத்துநாலு மணி நேரம் தொடாதீர்கள். குளிரான அறை என்றால் இன்னும் ஒரு நாள்.

வெட்டி வடிவமாக்குதல்

அச்சிலிருந்து எடுத்ததும் வழிந்து இறுகிய பசையைச் சுரண்டுங்கள். அது கண்ணாடிச் சில்லு மாதிரி கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கவாட்டை நேராக இழைத்து, நூல் பிடித்து முதுகின் நெடுக நடுக்கோடு போடுங்கள்.

கைப்பிடி நான்கு அங்குலம். வில்லின் சரியான நடுவுக்கு மேலே ஒன்றரை, கீழே இரண்டரை. கைப்பிடியின் இரு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு மெதுவாக இறங்கும் சரிவு. ஆக வயிற்றுப் பக்கம் ஒட்டும் கட்டை எட்டு அங்குல நீளம், ஒரு அங்குல உயரம். அதே எபாக்ஸி. சரிவின் நுனியைத் தாள்போல் மெலிதாக்கி வில்லோடு கலக்கவிட வேண்டும். அந்த எட்டு அங்குலத்துக்குள் வில் வளையவே கூடாது. வளைந்தால் கட்டை ஒருநாள் டப்பென்று பெயர்ந்து வந்துவிடும்.

கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரு பகுதிகளைக் கிளைகள் என்போம். அவற்றின் அகலம் சரிவு முடியும் இடத்தில் 35 மி.மீ. கிளையின் பாதி வரை அதே அகலம், அங்கிருந்து நேர்கோட்டில் நுனியில் 12 மி.மீ. அறுத்த பிறகு ஓரங்களில் ரம்பத் தழும்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. முதுகின் இரண்டு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள். சிலாம்பு கிளம்புவது பெரும்பாலும் கூரான விளிம்பிலிருந்துதான்.

நுனிகளில் முதுகுப் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஐப்பேத் துண்டை ஒட்டி, அதில் உருண்டை அரத்தால் நாண் பள்ளம் போடுங்கள். பள்ளம் ஒட்டுத் துண்டிலும் பக்கவாட்டிலும் இருக்கலாம், முதுகு ஹிக்கரியின் குறுக்கே போகக் கூடாது.

அந்தக் காலத்து ஆங்கில வில்லின் குறுக்குவெட்டு வயிற்றுப் பக்கம் உருண்டையாக இருக்கும். நாம் தட்டையாக வைக்கிறோம். உருண்டை வயிற்றில் உச்சி மட்டும் எல்லா நசுக்கலையும் வாங்கிக்கொள்ளும். தட்டையில் அது அகலம் முழுக்கப் பரவும். 1930களில் ஹிக்மன் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அமெரிக்காவில் தட்டை வில் பரவியது.

டில்லரிங்

இரண்டு கிளைகளும் ஒரே அளவு, ஒரே சீராக வளையும்படி வயிற்றிலிருந்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் டில்லரிங். இதுவரை செய்தது தச்சு வேலை, இனிமேல்தான் வில் வேலை. பொறுமை இல்லாத நாளில் இதைக் கையில் எடுக்காதீர்கள்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகும். அதாவது தடிமனில் ஒரு சதவீதம் சுரண்டினால் விறைப்பில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் போய்விடும். தொடக்கத்தில் மர அரமும் இழைப்புளியும் சரி. பாதி தாண்டியதும் சுரண்டுத் தகடு மட்டும்தான்.

முதலில் தரையில் நுனியை ஊன்றி, கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். இரண்டு கிளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி அசைய வேண்டும். அடுத்து நீள நாண்: வில்லைவிடச் சற்றே நீளமாக, தளர்வாக மாட்டும் கயிறு. சுவரில் ஒரு தாங்கி அடித்து அதில் கைப்பிடியை உட்கார வைத்து, கீழே ஒரு கப்பி போட்டு, கயிறும் தொங்கு தராசும் மாட்டி, நாலடி தள்ளி நின்று இழுங்கள். பின்னால் சுவரில் கட்டம் போட்டிருந்தால் எந்தக் கிளை முந்துகிறது என்று பார்த்தவுடன் தெரியும். தள்ளி நிற்கச் சொல்வது உடைந்தால் முகத்தில் அடிக்காமல் இருக்க.

இங்கே ஒரே ஒரு சட்டம்தான்: எந்தக் கட்டத்திலும் தராசு 40 பவுண்டைத் தாண்டக் கூடாது. வில் ஐந்து அங்குலம்தான் வளைகிறது, தராசு 40 காட்டுகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, மரம் எடுத்து, மறுபடி இழுங்கள். விறைப்பான வில்லை வலுக்கட்டாயமாக வளைத்தால் வயிறு நசுங்கி, முன்வளைவு முழுக்க அன்றைக்கே போய்விடும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் அதுவரை இழுத்த அளவுக்கே இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. வில் கொஞ்சம் வேலை செய்த பிறகுதான் காட்டும். இதைச் செய்யாமல் சுரண்டிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் போய், அங்கே மட்டும் கீல் மாதிரி மடங்கும்.

விறைப்பான இடத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது பழகாதவருக்குக் கஷ்டம். ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். ஆறு அங்குல நீளத்தில் தட்டையான மரத்துண்டு, நடுவில் ஒரு துளை, துளையில் இறுக்கமாகப் பென்சில். வில்லை வளைத்து நிறுத்திவைத்து, துண்டை வயிற்றின்மேல் வைத்தால் அதன் இரு முனையும் மரத்தைத் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகம் வளைந்த இடத்தில் வைத்துப் பென்சில் முனை மயிரிழையில் தொடாமல் இருக்கும்படி இறக்குங்கள். பிறகு கிளை நெடுக நகர்த்துங்கள். வளைவு குறைவான இடத்தில் இடைவெளி சுருங்கும், பென்சில் தானாகவே கோடு போடும். கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். கோடே விழாமல் கிளை முழுக்க நகர்ந்தால் வளைவு சீராகிவிட்டது. நுனியில் கடைசி ஆறேழு அங்குலம் மட்டும் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கட்டும், அங்கே விழும் கோட்டை மதிக்க வேண்டாம்.

நீள நாணில் 40 பவுண்டுக்கு நுனிகள் ஆறு அங்குலம் அளவுக்கு வளைந்துவிட்டால் குட்டை நாணுக்கு மாறலாம். முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே மூன்று அங்குல உயரம் வரும்படி மட்டும் நாணேற்றி, நாண் கைப்பிடியின் நடுவே ஓடுகிறதா என்று நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கினால் நாண் பள்ளத்தையோ கிளையின் பக்கவாட்டையோ லேசாக ராவிச் சரிசெய்யலாம். சரியானதும் ஆறு அங்குலத்துக்கு ஏற்றி, இரண்டிரண்டு அங்குலமாக இழுப்பை நீட்டிக்கொண்டே போங்கள். 20, 22, 24 என்று.

அவ்வப்போது நாணைக் கழற்றி முன்வளைவு எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதிவையுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே திடீரென்று குறைந்திருந்தால் ஏதோ ஓரிடம் அதிகமாக வேலை செய்கிறது. பெரும்பாலும் அது கைப்பிடிச் சரிவை ஒட்டிய இடம்தான். அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களைச் சுரண்டுங்கள்.

அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலுமாகப் பிரித்து நாணை இழுப்பவர்களுக்குக் கீழ்க்கிளை ஒரு துளி விறைப்பாக இருப்பது நல்லது. நாணேற்றிய நிலையில் சரிவு முடியும் இடத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம் மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி.

28 அங்குலத்தில் 42 பவுண்டு காட்டும்போது சுரண்டுவதை நிறுத்திவிடுங்கள் (40 பவுண்டுச் சட்டத்தை இந்தக் கடைசி இழுப்பில் மட்டும் இரண்டு பவுண்டு தாண்டலாம்). தேய்த்து மெருகேற்றுவதில் மிச்ச இரண்டு பவுண்டும் போய்விடும். அந்த நிலையில் வில் சரிவருகே ஏறக்குறைய 12, 13 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும். இது கையிலிருக்கும் மரத்தைப் பொறுத்தது, இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சுரண்டாதீர்கள், தராசைப் பாருங்கள்.

இழுக்கும்போது "டிக்" என்று சத்தம் கேட்டால் உடனே தளர்த்திவிடுங்கள். ஒட்டுக்கோடுகளையும் முதுகின் விளிம்புகளையும் நகத்தால் தடவிப் பார்த்தால் காரணம் கிடைக்கும். சின்னச் சிலாம்பு என்றால் மெல்லிய உடனடிப் பசையை உள்ளே ஓடவிட்டு, அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையில் ஊறவைத்தால் பல வருடம் தாங்கும். முதுகின் குறுக்கே விரிசல் என்றால் விட்டுவிடுங்கள், அது விறகு.

மெருகும் நாணும்

120இல் தொடங்கி 320 வரை உப்புத்தாள். அரக்குப் பாலிஷ் தரும் பளபளப்பு அழகு, ஆனால் ஹிக்கரிக்கு ஈரத் தடுப்பு முக்கியம் என்பதால் பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய பூச்சாக நான்கைந்து தடவை அடிப்பதே எனக்குப் பிடித்தது. நாண் பள்ளத்துக்குள்ளும் பூச மறக்காதீர்கள். கைப்பிடிக்குத் தோலோ பருத்திக் கயிறோ, உங்கள் இஷ்டம்.

நாணுக்கு பி-50 டாக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல், 12 இழை. நீளாத புதுவகை நூல்கள் வேகம் தரும், ஆனால் மரவில்லின் நுனியை அவை பதம் பார்க்கும். நாணின் உயரம் கைப்பிடியிலிருந்து ஆறு, ஆறேகால் அங்குலம். அம்பு பவுண்டுக்குப் பத்து கிரெயின் கணக்கில் குறைந்தது 400 கிரெயின் இருக்க வேண்டும், அதாவது 26 கிராம். அதைவிட லேசான அம்பு வில்லுக்கு வெறும் நாணை விடுவதற்குச் சமம். வெறும் நாணை இழுத்து விடவே கூடாது என்பதைப் பார்க்க வருகிற நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். முதலில் கையில் வாங்கும் எவரும் அதைத்தான் செய்வார்கள்.

முதல் நூறு அம்புகள் வரை 25, 26 அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முழு இழுப்பில் இரண்டு விநாடிக்கு மேல் பிடித்து நிற்கவும் வேண்டாம். நூறு முடிந்ததும் மறுபடி சுவர்த் தாங்கியில் மாட்டிப் பாருங்கள், ஏதாவது ஒரு கிளை லேசாக இளகியிருக்கும். மற்றதை நாலு சுரண்டு சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷைத் திரும்பப் பூசிவிட்டால் போதும்.